சித்திரை வெயிலுக்கு எந்தச் சார்ஜர்: 10 வாட்டா, 33ஆ, 120ஆ?

"ஃபாஸ்ட் சார்ஜர் போட்டா பேட்டரி சீக்கிரம் போயிரும்ணே." காரைக்குடியில் செல்போன் கடையிலும் சொல்வார்கள், டீக்கடையிலும் சொல்வார்கள். இத்தனைக்கும் இது அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1953இலிருந்து சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் நடக்கிற ஊர். லித்தியம் பேட்டரி ஆராய்ச்சியெல்லாம் ஆட்டோ போகிற தூரத்தில்தான் நடக்கிறது.

அந்தப் பேச்சில் பாதி சரி. பேட்டரியைத் தின்பது வேகம் அல்ல, சூடு. சூட்டோடு முழுச் சார்ஜும் சேர்ந்துவிட்டால் இன்னும் மோசம். பரவலாக எடுத்துக்காட்டப்படும் ஒரு கணக்கு உண்டு. லித்தியம் பேட்டரியை 40 சதவீதச் சார்ஜில், 25 டிகிரியில் ஓராண்டு சும்மா வைத்திருந்தால் அதன் கொள்ளளவில் சுமார் 96 சதவீதம் மிஞ்சும். அதையே முழுச் சார்ஜில், 40 டிகிரியில் வைத்தால் மிஞ்சுவது 65தான். இதில் எந்தச் சார்ஜரும் சம்பந்தப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். பேட்டரிக்குள் கிராஃபைட்டின் மேல் ஒரு மெல்லிய படலம் இருக்கும். சூடு ஏற ஏற அது தடித்து, வேலை செய்ய வேண்டிய லித்தியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்த இழப்பு திரும்பி வராது. ஆப்பிள் தன் போன்களைப் பயன்படுத்தச் சொல்லும் வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி வரை. சித்திரை, வைகாசியில் நம்மூர் நடுப்பகல் அதைத் தாண்டித்தான் நிற்கும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு சார்ஜர்களைப் பார்க்கலாம்.

பழைய 10 வாட் சார்ஜர், அதாவது 5 வோல்ட், 2 ஆம்பியர். 5000 எம்ஏஎச் பேட்டரி என்பது ஏறக்குறைய 19 வாட்-மணி. அது நிரம்ப இரண்டரை மணி நேரமாவது ஆகும். இந்தச் சார்ஜர் தன்னால் பெரிதாகச் சூடு கிளப்பாது, அது உண்மை. ஆனால் அறையே 38 டிகிரியில் இருந்தால் போன் மட்டும் அதற்குக் கீழே எப்படி இறங்கும்? இன்னொன்று, மெதுவாக ஏறுவதால் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? படுக்கும்போது போட்டுவிட்டுக் காலையில் எடுக்கிறார்கள். நள்ளிரவுக்கே 100 தொட்டுவிட்ட போன், விடிய விடியத் தலையணை ஓரத்தில் முழுச் சார்ஜில் வெந்துகொண்டிருக்கிறது. மேலே சொன்ன 65 சதவீதக் கணக்கின் பக்கம் போவது இப்படித்தான். பேட்டரிக்கு நல்லது என்று நினைத்துச் செய்கிற காரியம் என்பதுதான் இதில் வேடிக்கை.

25 முதல் 33 வாட் வரையுள்ள சார்ஜர்களுக்குத்தான் என் ஓட்டு. ஆனால் அதிலும் இரண்டு சாதி உண்டு. பழைய வகை, 9 வோல்ட்டை அப்படியே போனுக்கு அனுப்பும். பேட்டரிக்கு வேண்டியதோ 4 வோல்ட் சொச்சம். அந்த இறக்கும் வேலை போனுக்குள் நடக்கிறது, அதன் சூடும் போனுக்குள்ளேயே தங்குகிறது. பிபிஎஸ் என்று போட்டிருக்கும் புதிய வகை அப்படியில்லை. போன் கேட்கக் கேட்க, 20 மில்லிவோல்ட் படிகளாகத் தன் வோல்ட்டைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். போனுக்குள் வீணாவது குறைவு, சூடும் குறைவு. சாம்சங் 25 வாட் சார்ஜர் இந்த வகைதான். கடையில் கேட்கும்போது "33 வாட் குடுங்க" என்பதோடு நிறுத்தாமல், "பிபிஎஸ் இருக்கா, நம்ம போனுக்கு அது வேலை செய்யுமா" என்றும் கேளுங்கள். அடாப்டரின் முதுகில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். 9 வோல்ட், 12 வோல்ட் என்று தனித்தனி எண்கள் மட்டும் இருந்தால் பழைய வகை. 3.3-11 வோல்ட் என்பதுபோல் இதிலிருந்து இதுவரை என்று போட்டிருந்தால் பிபிஎஸ்.

அடுத்தது 65, 80, 120 வாட் சங்கதி. இதற்கு அடி போட்டது 2014இல் ஒப்போ கொண்டுவந்த வூக் என்கிற சார்ஜிங் முறை. வோல்ட்டை ஏற்றாமல் ஆம்பியரை ஏற்றி, வோல்ட் இறக்கும் வேலையை அடாப்டரிடமே தள்ளிவிட்டார்கள். அதனால் அடாப்டர் நன்றாகவே சுடும், போன் மிதமாகத்தான் இருக்கும். "அடாப்டர் கொதிக்குது, டூப்ளிகேட்டோ" என்று பயப்படுகிறவர்கள் நிறைய. அந்தச் சூடு போனுக்குள் இருக்க வேண்டியது, வெளியே வந்துவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டும். கருகல் வாடையோ, பிளாஸ்டிக் நெளிவோ இருந்தால்தான் கவலை. இந்த வகை சார்ஜருக்கு அதன் தடித்த கேபிளே வேண்டும். ரோட்டோரக் கேபிளை மாட்டினால் 120 வாட் சார்ஜரும் சாதாரணச் சார்ஜர் ஆகிவிடும்.

வேகம் பேட்டரியைக் கொல்லும் என்பவர்களுக்கு ஒரு எதிர்ச் சாட்சி: 2022இல் ஒப்போ தன் 80 வாட் போன் ஒன்றுக்கு 1600 சுற்றுக்குப் பிறகும், அதாவது 1600 முறை முழுக்க ஏற்றி இறக்கிய பிறகும், கொள்ளளவில் 80 சதவீதம் மிஞ்சும் என்று அறிவித்தது. ஆப்பிள் தன் ஐபோன் 15 வரிசைக்குச் சொல்வது 1000 சுற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூனிலிருந்து கட்டாயமாக்கியிருப்பது 800. கம்பெனி சொல்லும் எண்கள் சோதனைக்கூடத்துச் சூழலில் வந்தவை. அதைக் கழித்துப் பார்த்தாலும், வாட் கூடினால் ஆயுள் குறையும் என்ற நேர்க்கணக்கு நிற்கவில்லை.

ஆனாலும் நம்மூருக்கு 120 வாட் தண்டம் என்றே சொல்வேன். காரணம் பேட்டரி அல்ல, காசு. பேட்டரியின் சூடு 45 டிகிரியை நெருங்கினால் போனே மின்சாரத்தைக் குறைத்துக்கொள்ளும். மத்தியானம் இரண்டு மணிக்கு, மின்விசிறி அனல் காற்றைச் சுழற்றும் அறையில், சார்ஜ் போட்ட சில நிமிடங்களிலேயே அந்த எல்லை வந்துவிடும். அப்புறம் 120 வாட் என்பது அட்டைப்பெட்டியில் மட்டும்தான். போதாக்குறைக்கு, எந்த ஃபாஸ்ட் சார்ஜரானாலும் பாதியைத் தாண்டியதும் வேகம் இறங்கத்தான் செய்யும், கடைசி 20 சதவீதம் நகர்ந்துதான் ஏறும். வாசலில் ஆட்டோ நிற்கிறது, போனில் 10 சதவீதம் என்கிற நிலை தினமும் வருகிறவர்களுக்கு அது பிரயோஜனம். மற்றவர்கள் அந்தப் பணத்தில் நல்ல கேபிள் வாங்கலாம்.

வயர்லெஸ் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் கணிசமான பங்கை வழியிலேயே சூடாக்கி, அந்தச் சூட்டைப் போனின் முதுகிலேயே ஏற்றும். ஏசி அறை இருந்தால் சரி. இல்லையென்றால் சித்திரையில் வேண்டாம்.

சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வரும் சார்ஜர்கள் இங்கே பாதி வீடுகளில் உண்டு. அங்கேயும் 230 வோல்ட்தான், கரண்டால் கெடுதல் இல்லை. கெடுப்பது அந்தச் சதுர முள் பிளக்குக்கு மாட்டும் பத்து ரூபாய் கன்வெர்ட்டர். ஆடிக்கொண்டே இருக்கும், முனையில் பொறி பறக்கும், பிளக் சுடும். இறுக்கமாகப் பிடிக்கும் ஒன்றாகப் பார்த்து வாங்குங்கள்.

எந்தச் சார்ஜராக இருந்தாலும், போனை எங்கே வைக்கிறோம் என்பது அதைவிடப் பெரிய விஷயம். மெத்தை ஆகாது. பவுச்சைக் கழற்றிவிட்டு, வீட்டுக் கூடமான பட்டாலையில் வெயில் படாத இடமாகப் பார்த்து, தரையில் பதித்த ஆத்தங்குடி கல்லில் முதுகு படும்படி வையுங்கள். கல் சூட்டை இழுத்துக்கொள்ளும். மத்தியானத்தை விட்டு விடிகாலையில் போட்டால் இன்னும் உத்தமம். செட்டிங்ஸில் 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். ஃபிரிட்ஜில் வைக்கும் யோசனை மட்டும் வேண்டாம், உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். பின்பக்க மூடி தூக்கிக்கொண்டு நின்றால் பேட்டரி உப்பிவிட்டது என்று அர்த்தம். அமுக்காமல், சார்ஜ் போடாமல், கடைக்குக் கொண்டு போக வேண்டியதுதான்.

வீட்டில் ஆச்சிக்கு வாட்ஸ்அப் கால் பேச மட்டும்தான் போன் என்றால் இருக்கிற 10 வாட்டே போதும், ராத்திரி முழுக்க விடாமல் சாயங்காலம் போட்டு எடுத்துவிட்டால் சரி. மதுரைக்கும் திருச்சிக்கும் காரில் அலைகிறவர்கள் பாடுதான் கஷ்டம். டேஷ்போர்டில் வெயில், மேப் ஓடுகிறது, திரை முழு வெளிச்சம், கூடவே சார்ஜ். பேட்டரிக்கு இதைவிடக் கொடுமையான இடம் கிடையாது. கண்ணாடியில் ஒட்டும் ஹோல்டரை எடுத்துவிட்டு, ஏசி வென்ட்டில் மாட்டுவதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.