என்ஸ்கேப்பில் ராத்திரி வெளிச்சம்: நெல்லை வீடுகளில் பழகிய அனுபவம்

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு சுற்றுவட்டார வீடுகளுக்கு 3டி படம் செய்து கொடுக்கிறேன். மாடல் ஸ்கெட்ச்அப் மென்பொருளில், அதை நிஜப் படம் போல ஆக்கும் ரெண்டர் என்ஸ்கேப் மென்பொருளில். பகல் படத்தைச் சூரியனே பாதி முடித்துக் கொடுத்துவிடும். விளக்கு போட்ட படத்தில்தான் வேலை தெரியும். அதனால் செயற்கை வெளிச்சத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

என்ஸ்கேப் செட்டிங்கில் செயற்கை விளக்குகளின் பிரகாசத்துக்கு ஒரு ஸ்லைடர் உண்டு. நகர்த்தினால் வீட்டில் உள்ள அத்தனை லைட்டும் சேர்ந்து கூடும், குறையும். அவசரத்துக்கு நல்ல வசதி. ஆனால் தார்சா (வீட்டின் முன்பகுதி) இருட்டாக இருக்கிறதென்று ஏற்றினால் பூஜை அறையும் சேர்ந்து வெளுத்துப்போகும். ஒவ்வொரு லைட்டுக்கும் சரியான அளவைக் கொடுத்த பிறகுதான் அந்த ஸ்லைடரில் கை வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, சரியான அளவு எங்கே கிடைக்கும்? பல்பு அட்டைப்பெட்டியிலேயே இருக்கிறது. கடையில் வாங்கும் 9 வாட் எல்இடி பல்பு சுமார் 900 லூமன் தரும்; லூமன் என்பது பல்பு தரும் மொத்த வெளிச்சம். ஆனால் என்ஸ்கேப் உருண்டை வடிவ ஸ்ஃபியர் லைட்டுக்கு கேண்டெலாவில், அதாவது ஒரு திசையில் போகும் வெளிச்சத்தின் செறிவில், அளவு கேட்கும். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பரவும் வெளிச்சம் என்றால் லூமனை 12.57 ஆல் வகுத்தால் போதும், 72 கேண்டெலா வரும். அதே 900 லூமன் ஸ்பாட் லைட்டின் 60 டிகிரி கூம்புக்குள் அடங்கினால் ஆயிரம் கேண்டெலாவைத் தாண்டும். இந்த வித்தியாசம் பிடிபட்டாலே பாதி கஷ்டம் தீர்ந்தது. எந்தத் திசையில் எவ்வளவு வெளிச்சம் போகும் என்று சொல்லும் ஐஇஎஸ் ஃபைலை லைட் கம்பெனிகள் தரும்; அது கிடைத்தால் ஸ்பாட்டில் அதையே ஏற்றுங்கள், சுவரில் விழும் வெளிச்சத்தின் வடிவம் நிஜமாக இருக்கும்.

குத்துவிளக்கு தனிக் கதை. ஒரு மெழுகுவர்த்திச் சுடர் ஏறக்குறைய ஒரு கேண்டெலா. அந்தக் கணக்கில் ஐந்து முகம் ஏற்றினாலும் ஐந்துதான். பக்கத்தில் 72 கேண்டெலா பல்பு எரிந்தால் சுடர் தெரியும், சுடரின் வெளிச்சம் தெரியாது. பல்பை அணைத்துவிட்டு எக்ஸ்போஷரை (படம் மொத்தமும் எவ்வளவு பளிச்சென்று தெரிய வேண்டும் என்ற அளவை) ஏற்றிப் பாருங்கள், பித்தளைப் பானையும் சுவரும் அப்படியே உயிர் பெறும். நான் செய்ததிலேயே மக்கள் அதிக நேரம் நின்று பார்த்த படங்கள் இவைதான்.

நிறத்துக்கு வருவோம். விளக்கின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள். 3000 கெல்வின் வார்ம் ஒயிட்டுக்கு (மஞ்சள் கலந்த வெள்ளை) ஆர்ஜிபி, அதாவது சிவப்பு, பச்சை, நீல அளவு, ஏறக்குறைய 255, 180, 107. லைட்டின் மேல் அதை அப்படியே பூசினால் அறை மஞ்சளில் முங்கி எழுந்த மாதிரி ஆகிவிடும். நிஜ அறையில் நம் கண் பழகிக்கொள்கிறது, படத்தைப் பார்க்கும்போது பழகுவதில்லை. அதனால் கொஞ்சம் வெளிறிய நிறம் வைப்பேன். பழைய வீடுகளின் ரெட் ஆக்சைடு தரை இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். தரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் வெள்ளைச் சுவரின் அடிப்பகுதி சிவப்பேறும். அது நிஜத்திலும் உள்ளதுதான், அழிக்காதீர்கள்.

எக்ஸ்போஷரைத் தானாக மாற்றிக்கொள்ளும் ஆட்டோ எக்ஸ்போஷரை அணைத்துவிடுவேன். அது ஓடிக்கொண்டிருந்தால் லைட்டைக் கூட்டினோமா குறைத்தோமா என்றே தெரியாது. நடுப்பகல் வெயில் வெளியே லட்சம் லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு), பல்பு எரியும் அறையில் நூறு, இருநூறு. இரண்டையும் ஒரே படத்தில் காட்ட முயல்வது வீண். ஷிஃப்டை அழுத்தி மவுஸின் வலது பட்டனோடு இழுத்தால் என்ஸ்கேப்பில் நேரம் மாறும்; மாலை ஆறரையை ஒட்டி நிறுத்தினால் வானத்தில் நீலம் மிஞ்சும், ஜன்னலில் விளக்கும் தெரியும்.

லைட்டுகளை ஸ்கெட்ச்அப்பில் இடவாரியாகத் தனித்தனி டேகில் (தொகுப்பில்) வைப்பது எனக்கு மிகவும் உதவுகிறது. பட்டாசல் (கூடம்), தார்சா, அடுக்களை என்று பிரித்து, வீட்டுக்காரர் முன்னாலேயே அணைத்து அணைத்துக் காட்டலாம். அம்பாசமுத்திரத்தில் ஒரு அண்ணாச்சி அப்படிப் பார்த்துவிட்டு, “ஏன் தம்பி, இந்த முக்கு நெசத்துலயும் இருட்டாத்தான் இருக்குமோ?” என்று கேட்டார். “ஆமா அண்ணாச்சி” என்றேன். பூச்சு வேலைக்கு முன்பே அங்கே இன்னொரு பாயிண்ட் போட்டாயிற்று. அளவுகள் உண்மையாக இருந்ததால்தான் அந்தக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்ல முடிந்தது.

ரெண்டர் முடிந்த பிறகும் ஒவ்வொரு லைட்டையும் கூட்டிக் குறைக்க வேண்டும் என்பவர்களுக்கு 2020இல் வந்த வி-ரே 5 என்ற ரெண்டர் மென்பொருளின் லைட் மிக்ஸ் வசதி பொருத்தம். ஆனால் அதில் லைட்டின் யூனிட்டை வாட் என்று வைத்தால் பல்பின் வாட்டை இடாதீர்கள். அங்கே வாட் என்பது வெளிச்சமாக வெளிவரும் சக்தி. பழைய 100 வாட் குண்டு பல்புக்கே அது இரண்டு மூன்றுதான். லூமனில் வைத்துக்கொள்வதே நல்லது. வீட்டுக்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அப்போதைக்கப்போது மாற்றிக் காட்டும் வேலைக்கு நான் இன்னமும் என்ஸ்கேப்பைத்தான் திறக்கிறேன்.