வளர்ந்த பிள்ளையை அழைத்துக்கொள்ள: வரிசையில் நிற்பதா, சொந்தத் தகுதியில் வரவைப்பதா?

வெளிநாட்டில் குடியேறியவருக்குச் சின்னப் பிள்ளை இருந்தால் சட்டம் பெரிதாகக் குறுக்கே நிற்காது. பிள்ளை வளர்ந்துவிட்டால்தான் சிக்கல். பெற்ற பிள்ளைக்கு எத்தனை வயதானால் என்ன என்பது பெற்றோரின் நியாயம். குடிவரவு அதிகாரி பார்ப்பது இரண்டைத்தான்: விண்ணப்பம் போட்ட அன்று வயது என்ன, கல்யாணம் ஆகிவிட்டதா.

இந்த விஷயத்தில் நாடுகள் இரண்டு கட்சி. அமெரிக்கா ஒரு பக்கம்: பிள்ளைக்கு ஐம்பது வயதானாலும் மனு போடலாம், ஆனால் வரிசையில் வருடக்கணக்கில் நிற்க வேண்டும். கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் எல்லாம் மறுபக்கம்: ஒரு வயதைத் தாண்டினால் பெற்றோரின் பெயரில் வர வழி அநேகமாக இல்லை, உன் படிப்பையும் வேலையையும் காட்டி நீயே வா என்பார்கள். கேட்ட மாத்திரத்தில் அமெரிக்கா இரக்கமுள்ளதாகத் தோன்றும். கணக்குப் போட்டால் அப்படி இல்லை.

அமெரிக்கா: கிரீன் கார்டிலேயே போடுவதா, சிட்டிசன் ஆகும்வரை பொறுப்பதா?

பெற்றோர் சிட்டிசன், பிள்ளை 21-க்குள், மணமாகாதவர் என்றால் வரிசையே கிடையாது. 21 ஆனதும் மூன்று வரிசைகள் வந்துவிடுகின்றன. சிட்டிசனின் மணமாகாத பிள்ளை எஃப்1. கிரீன் கார்டு வைத்திருப்பவரின் மணமாகாத பிள்ளை எஃப்2பி. சிட்டிசனின் மணமான பிள்ளை எஃப்3. கிரீன் கார்டு வைத்திருப்பவரின் மணமான பிள்ளைக்கு? ஒன்றுமில்லை. அப்படி ஒரு பிரிவே சட்டத்தில் கிடையாது.

ஆண்டுக்கு எஃப்1-க்கு 23,400 விசா, எஃப்3-க்கும் 23,400, எஃப்2பி-க்குச் சுமார் 26,000. உலகம் முழுவதற்கும் சேர்த்து இவ்வளவுதான், கூடவே வரும் கணவன், மனைவி, குழந்தைகளும் இதற்குள் அடக்கம். அதனால்தான் எந்தத் தேதி மனுக்கள் நகர்கின்றன என்று அமெரிக்க அரசு மாதாமாதம் வெளியிடும் விசா புல்லட்டின்களில், 2025 கடைசியில் எஃப்1, எஃப்2பி இரண்டிலும் 2016-ல் போட்ட மனுக்கள் நகர்ந்துகொண்டிருந்தன. எஃப்3-யில் 2011. மெக்சிகோ, பிலிப்பைன்ஸ்காரர்களுக்கு இதைவிட நீளம்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். எஃப்1-ம் எஃப்2பி-யும் அநேகமாக ஒரே இடத்தில் நிற்கின்றன. "சிட்டிசன் ஆனபிறகு போடலாம், அப்போது வேகமாக வரும்" என்று காத்திருப்பவர்கள் நிறைய. வளர்ந்த பிள்ளை விஷயத்தில் அது வீண். கிரீன் கார்டு வந்த கையோடு ஐ-130 என்ற உறவினர் மனுவைப் போட்டுவிட்டால் பிரையாரிட்டி டேட், அதாவது வரிசையில் இடம்பிடிக்கும் தேதி, உங்களுடையது. பின்னால் சிட்டிசன் ஆகும்போது மனு தானாக எஃப்1-க்கு மாறும், தேதி அப்படியே கூட வரும். அந்த நேரத்தில் எஃப்2பி வரிசை முன்னால் இருந்தால், நான் எஃப்2பி-யிலேயே இருக்கிறேன் என்று பிள்ளை எழுதிக் கேட்கவும் சட்டம் இடம் தருகிறது. கட்டணம் 2024 ஏப்ரலில் நிர்ணயித்தபடி ஆன்லைனில் 625 டாலர், தாளில் 675. ஐந்து வருடம் பொறுப்பதால் மிச்சமாவது எதுவுமில்லை, வரிசையில் ஐந்து வருடம் பின்னால் போவீர்கள், அவ்வளவுதான்.

அப்படியானால் சிட்டிசன் ஆவதில் லாபமே இல்லையா? இருக்கிறது, அது கல்யாணத்தில் இருக்கிறது. எஃப்2பி வரிசையில் நிற்கும் பிள்ளை, பெற்றோர் இன்னும் கிரீன் கார்டில் இருக்கும்போது தாலி கட்டினால் மனு அன்றே செத்துவிடும். பிறகு விவாகரத்தே ஆனாலும் அதற்கு உயிர் வராது, பழைய தேதியும் போய்விடும். அதே பிள்ளை, பெற்றோர் சிட்டிசன் ஆன மறுநாள் கல்யாணம் செய்தால் மனு எஃப்3-க்கு இறங்கும், ஆனால் பழைய தேதி அப்படியே நிற்கும். முதலில் சிட்டிசன் சத்தியப் பிரமாணம், அப்புறம் முகூர்த்தம். இந்த வரிசை மாறினால் எட்டு வருடக் காத்திருப்பும் ஒரே நாளில் குப்பைக்குப் போகும்.

இன்னொரு பொறி, விசா பாஸ்போர்ட்டில் குத்தியான பிறகு வருவது. "விசாதான் வந்துவிட்டதே, கல்யாணத்தை முடித்துவிட்டே விமானம் ஏறலாம்" என்று குடும்பத்தில் யாராவது யோசனை சொல்வார்கள். எஃப்1, எஃப்2பி விசாக்கள் அமெரிக்க மண்ணில் இறங்கும் நிமிடம்வரை மணமாகாதவருக்கு மட்டுமே செல்லும். இறங்கி கிரீன் கார்டு ஆனபிறகு கல்யாணம் செய்துகொண்டு, துணைக்கு எஃப்2ஏ-யில் மனு போடுவதுதான் பாதுகாப்பான வழி. அதில் காத்திருப்பு எவ்வளவோ குறைவு.

21-ஐ நெருங்கும் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. 2002-ல் வந்த சிஎஸ்பிஏ என்ற சட்டம் வயதை ஓரளவு உறையவைக்கிறது. பெற்றோர் சிட்டிசன் என்றால், மனு போய்ச் சேர்ந்த நாளில் 21-க்குள் இருந்தால் போதும், வயது அங்கேயே நின்றுவிடும். கிரீன் கார்டு வைத்திருக்கும் பெற்றோர், பிள்ளைக்கு 21 ஆகும் முன் சிட்டிசன் ஆகிவிட்டால் அந்த நாளில் உறையும். இரண்டும் இல்லையென்றால், விசா கிடைக்கும் நாளில் உள்ள வயதிலிருந்து மனு அலுவலகத்தில் கிடந்த நாட்களைக் கழிப்பார்கள். கழித்தும் 21-க்கு மேல் என்றால் பிள்ளை எஃப்2பி-க்குத் தள்ளப்படுவார், தேதி மட்டும் மிஞ்சும். வீட்டில் இருபது வயதுப் பிள்ளையும், சிட்டிசன் ஆகத் தகுதியும் இருந்தால் அந்த விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள். ஒரு பிறந்தநாள் முன்பின் ஆவதில் எட்டு, ஒன்பது வருடம் வித்தியாசம்.

பேசத் தயங்குகிற ஒன்றையும் பேசிவிடுகிறேன். மனு போட்டவர் இறந்துவிட்டால், ஏற்கப்பட்ட மனுவும் ரத்தாகும். மனிதாபிமான அடிப்படையில் திரும்ப உயிர்ப்பிக்கக் கேட்கலாம், வேறொரு உறவினர் பொருளாதாரப் பொறுப்பேற்க முன்வர வேண்டும், ஆனால் கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரியின் விருப்பம். எழுபது வயது அப்பா எஃப்3-யில் பதினான்கு வருட வரிசையைத் தொடங்குகிறார் என்றால் இதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். அம்மாவும் சிட்டிசன் என்றால் இரண்டு பேரும் தனித்தனியே மனு போடுவதைச் சட்டம் தடுக்கவில்லை. நான் அதையே சொல்வேன்.

கனடா: கதவு 22-ல் சாத்தும்

கனடாவில் சிட்டிசன், பிஆர் (நிரந்தரமாகக் குடியிருக்க உரிமை பெற்றவர்) என்ற வேறுபாடு இங்கே முக்கியமில்லை, யாரானாலும் ஸ்பான்சர் செய்யலாம். பிள்ளை 22-க்குள், மணமாகாதவர், இதுதான் எல்லை. முழுமையான விண்ணப்பம் போய்ச் சேர்ந்த நாளில் வயதைப் பூட்டிவிடுவார்கள். அதற்குப்பின் வயது ஏறினால் பாதகமில்லை.

பழைய ஆட்கள் "படித்துக்கொண்டிருந்தால் 22-க்கு மேலும் கூப்பிடலாம்" என்பார்கள். 2014 ஆகஸ்டுக்கு முன்பு அது உண்மை. அப்போது மாணவர் சலுகையை எடுத்துவிட்டு, வயதையும் 19-க்குக் குறைத்தார்கள். 2017 அக்டோபர் 24-ல் வயதை மட்டும் பழையபடி 22 ஆக்கினார்கள், மாணவர் சலுகை திரும்பவில்லை. இன்று 22-க்கு மேல் என்றால், உடல் அல்லது மனநலக் குறைபாட்டால் தன்னைத்தானே பராமரிக்க முடியாமல் 22-க்கு முன்பிருந்தே பெற்றோரை நம்பி இருப்பவர்களுக்கு மட்டும் வழி.

அதிகம் பேசப்படாத ஒரு ஜன்னல் உண்டு. கணவனோ மனைவியோ இல்லாத, ஸ்பான்சர் செய்யத்தக்க நெருங்கிய உறவு எவரும் இல்லாத, கனடாவில் சிட்டிசனாகவோ பிஆராகவோ பிள்ளை, கூடப்பிறந்தவர், மாமா, அத்தை என்று யாரும் இல்லாத ஒருவர், எந்த வயதிலும் உள்ள ஓர் உறவினரை அழைக்கலாம். தனியே இருக்கும் விதவைத் தாய் வளர்ந்த மகனை இதில் அழைக்கப் பார்க்கலாம். கனடாவில் இன்னொரு மகள் இருந்தால் இந்த ஜன்னலும் மூடிவிடும்.

பெற்றோர் முதலில் குடியேறும்போது பிள்ளையின் பெயரைப் படிவத்தில் விட்டுவிட்டவர்களுக்குக் கதை இன்னும் மோசம். அறிவிக்கப்படாத பிள்ளையைப் பின்னால் குடும்பப் பிரிவில் அழைக்கப் பொதுவாகச் சட்டம் விடாது. கூட வராத பிள்ளையானாலும், முன்னாள் துணையுடன் இருக்கும் பிள்ளையானாலும், படிவத்தில் பெயர் இருக்கட்டும்.

மற்றவர்களுக்கு, புள்ளி போட்டு ஆள் எடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரிதான். இங்கே ஒரு வேடிக்கை. வரிசையைத் தீர்மானிக்கும் சிஆர்எஸ் மதிப்பெண்ணில், கனடாவில் அக்காவோ தம்பியோ இருந்தால் 15 புள்ளி. அம்மா இருந்தால் பூஜ்யம்! அதற்கு முன் வரும் 67 மதிப்பெண் தகுதிச் சோதனையில் மட்டும் பெற்றோர் இருப்பதற்கு 5 உண்டு. ஆக, ஒரு பிள்ளை எப்படியாவது பிஆர் ஆகிவிட்டால், பெற்றோரைவிட அவரே கூடப்பிறந்தவருக்குப் பயன்படுவார். 20 முதல் 29 வரை வயதுக்கு முழுப் புள்ளி, 30-லிருந்து வருடா வருடம் குறையும், 45-ல் ஒன்றுமில்லை. யோசித்துக்கொண்டே இருப்பதற்கு இங்கே நேரடி விலை உண்டு.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து

ஆஸ்திரேலியாவின் சைல்ட் விசாவில் 18 முதல் 25-க்குள் உள்ள பிள்ளை வர வேண்டுமானால் முழுநேர மாணவராக, பெற்றோரின் பணத்தில் வாழ்பவராக, மணமோ நிச்சயமோ ஆகாதவராக இருக்க வேண்டும். பள்ளி முடித்து ஆறு மாதத்துக்குள், அல்லது நியாயமான காலத்துக்குள், மேற்படிப்பில் சேர்ந்திருக்கவும் வேண்டும். இடையில் இரண்டு வருடம் வேலைக்குப் போய்விட்டு மறுபடி கல்லூரியில் சேர்ந்தவருக்கு இதில் சிக்கல்தான்.

25-க்குப் பின் பெற்றோரால் உண்மையில் பயனுள்ள ஒரே இடம், தொழில் தகுதியில் வட்டாரப் பகுதிகளுக்கு ஆள் எடுக்கும் 491 விசா. சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் தவிர்த்த பகுதிகளில் வசிக்கும் பெற்றோர் ஸ்பான்சர் செய்தால் பிள்ளைக்கு 15 புள்ளி. பெர்த், அடிலெய்டு, கான்பெரா எல்லாம் இந்தக் கணக்கில் வட்டாரப் பகுதிகளே. வயது 45-க்குள், தொழில் பட்டியலில் இருக்க வேண்டும், குறைந்தது 65 புள்ளி தேவை, அழைப்புகளும் குறைவு. பெற்றோரின் முகவரி இங்கே மதிப்பெண்ணாகிறது, கனடாவின் சிஆர்எஸ் கணக்கில் கிடைக்காத ஒன்று. சிட்னியில் இருக்கும் அப்பா பிள்ளைக்காக அடிலெய்டுக்கு வீடு மாற்றுவது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றலாம், ஆனால் தொழிலும் புள்ளியும் ஒத்துவந்தால் யோசிக்கத்தக்கதே.

நியூசிலாந்து 24 வயதுவரை, மணமாகாமல், பெற்றோரைச் சார்ந்திருந்தால் ஏற்கும். வளர்ந்த பிள்ளைகளுக்கென்றே தனிப் பிரிவு வைத்திருந்தது, 2012-ல் மூடிவிட்டது.

பிரிட்டனும் ஐரோப்பாவும்

பிரிட்டன் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 18 தாண்டினால் 2012 ஜூலையில் கொண்டுவந்த வயதுவந்த சார்ந்திருப்போர் விதி. முதுமை, நோய், ஊனம் காரணமாக அன்றாடக் காரியங்களுக்கே நீண்டகாலத்துக்கு ஆள் வேண்டும், அந்தப் பராமரிப்பு சொந்த நாட்டில் கிடைக்கவில்லை என்று நிரூபிக்க வேண்டும். ஆரோக்கியமான 23 வயதுப் பிள்ளைக்கு இது வழியே இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில்தான் எதிர்பாராத தாராளம். ஒன்றியத்தின் ஒரு நாட்டுக் குடிமகன் வேறொரு உறுப்பு நாட்டில் வாழ்ந்தால், 21-க்குள் உள்ள பிள்ளையும், அதற்கு மேல் வயதானாலும் அவரைச் சார்ந்திருக்கும் பிள்ளையும் கூட வரலாம். 2004-ன் சுதந்திர நடமாட்ட விதி அது. ஜெர்மன் குடியுரிமை பெற்று ஸ்வீடனில் வாழ்ந்த ஒரு தாயின், பிலிப்பைன்ஸில் வளர்ந்த மகள் வழக்கில் 2014-ல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது: பெற்றோர் நீண்ட காலமாகத் தவறாமல் பணம் அனுப்பி, பிள்ளையின் அடிப்படைத் தேவை அதில் நடந்தால் போதும், வேலை தேடியும் கிடைக்கவில்லை என்று காட்டத் தேவையில்லை. ஆகவே வங்கி வழியாக மாதாமாதம் அனுப்பிய ரசீதுகள் இங்கே நல்ல ஆதாரம். கையில் கொடுத்தனுப்பிய பணத்தை நிரூபிப்பது கடினம்.

வரிசை, சொந்தத் தகுதி இரண்டையும் சேர்த்துச் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் அமெரிக்காவுக்குள்ளேயே இரண்டும் மோதும். ஐ-130 போட்டபின் சுற்றுலா விசாவோ மாணவர் விசாவோ கேட்டால், உங்களுக்காக யாராவது குடியேற்ற மனு போட்டிருக்கிறார்களா என்று படிவமே கேட்கும். உண்மையைத்தான் எழுத வேண்டும். திரும்பிப் போகமாட்டார் என்று அதிகாரி மறுக்க அது நல்ல காரணமாகிவிடும். எச்-1பி, எல்-1 வேலை விசாக்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. மாணவராகப் போகும் எண்ணம் உறுதியாக இருந்தால் விசா வாங்கிச் சேர்ந்தபின் மனு போடுவதா, முதலில் தேதியைப் பிடிப்பதா என்பதை வக்கீலோடு உட்கார்ந்து முடிவு செய்வது நல்லது.

கனடா, ஆஸ்திரேலியா புள்ளி முறைக்கு அமெரிக்க மனு இடையூறில்லை. என் தேர்வு இதுதான்: அமெரிக்காவில் பெற்றோர் இருந்தால் மனுவை உடனே போட்டுவிட்டு அதை மறந்துவிட வேண்டும். பிள்ளை 28 வயதில் அதையே நம்பி வேலை மாறாமல், கல்யாணம் செய்யாமல் உட்கார்ந்திருந்தால் விசா வரும்போது 37 ஆகியிருக்கும். அந்த இடைவெளியில் சொந்தத் தகுதியில் வேறொரு நாட்டில் பிஆர் ஆகியிருக்கலாம்.

மணமாகிக் குழந்தையும் உள்ள பிள்ளைக்கு எஃப்3 போடுகிறவர்கள் பேரப்பிள்ளையின் வயதை முதலில் கூட்டிப் பார்க்கட்டும். இன்று ஐந்து வயது என்றால் பதினான்கு வருடம் கழித்து 19, கூடவே வந்துவிடும். இன்று பத்து என்றால் அப்போது 24. அதிலிருந்து மனு பரிசீலனையில் கிடந்த காலத்தை மட்டும்தான் கழிப்பார்கள், வரிசையில் நின்ற காலத்தை அல்ல. பரிசீலனைக்கே மூன்று வருடத்துக்கு மேல் எடுத்திருந்தால் தப்பும். இல்லையென்றால் மகனும் மருமகளும் விமானம் ஏறுவார்கள், பேரனுக்கு அவர்கள் புதிதாக எஃப்2பி மனு போட வேண்டியிருக்கும்.