அட்டையா, மணியா?

ஈராசிரியர் பள்ளியில் ஏழு வருஷம் செயல்வழிக் கற்றலில், அதாவது பிள்ளைகள் அவரவர் வேகத்தில் அட்டை அட்டையாகப் படிக்கும் அரசுப் பள்ளி முறையில், பாடம் நடத்தியவள் நான். பேத்தி போவது மணி, கட்டை என்று சாமான்களைக் கையாண்டு படிக்கும் மாண்டிசோரி பள்ளிக்கு. இரண்டிலும் பிள்ளைகள் தொட்டுப் பார்த்துத்தான் படிக்கிறார்கள். டீச்சரும் தரையில்தான் உட்காருகிறார். “அப்போ எது அத்தை நல்லது?” என்றாள் மருமகள்.

கணக்கு என்றால் மாண்டிசோரிதான், சந்தேகமே இல்லை. ஒற்றைப் பாசிமணி என்றால் ஒன்று. பத்து மணி கோத்த கம்பி பத்து. பத்துக் கம்பி சேர்ந்த சதுரம் நூறு, பத்துச் சதுரம் அடுக்கினால் ஆயிரம். அந்த ஆயிரத்தைத் தூக்கும்போது பேத்தியின் கை தாழ்கிறது. நாங்கள் விளக்குமாற்றுக் குச்சியைப் பத்துப் பத்தாகக் கட்டி வைத்திருந்தோம். ஆயிரத்துக்கு ஆணிமணிச் சட்டம். அதில் ஆயிரமும் ஒரே ஒரு மணிதான், இருக்கும் கம்பிதான் வேறு. ஏழு வயதுப் பிள்ளைக்கு அது எப்படிப் பிடிபடும்?

ஆனால் அந்தச் சாமான்களின் விலை! அளவு பார்த்துக் குழியில் பொருத்தும் உருளைக் கட்டையில் ஒன்று தொலைந்தால் செட்டே வீண். எங்கள் அட்டை தொலைந்தால் கையால் எழுதி வைத்துவிடுவேன். 1907இல் ரோமில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் தொடங்கியது மாண்டிசோரி முறை. 1939இல் மரியா மாண்டிசோரியே அடையாறுக்கு வந்து பயிற்சி கொடுத்தார். இருந்தும் நம்மூரில் பெரும்பாலும் கட்டணப் பள்ளிகளோடு நின்றுவிட்டது.

செயல்வழிக் கற்றல் ஆந்திராவில் உள்ள ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளில் இருந்து வந்தது. 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் ஆரம்பித்து, 2007 வாக்கில் மாநிலம் முழுக்கப் பரவியது. ஒரே அறையில் நாலு வகுப்பை வைத்துக்கொண்டு திண்டாடும் டீச்சருக்கு ஏற்றது. பாடங்களை வரிசையாகக் காட்டும் ஏணிப்படிப் படத்தில் தான் எங்கே நிற்கிறோம் என்று பிள்ளைக்கே தெரியும்; யாரோடு உட்கார வேண்டும் என்பதை அட்டையில் உள்ள சின்னம் சொல்லிவிடும். தை மாதம் அம்மாவோடு செங்கல் சூளைக்குப் போன ஒரு பையன் ஆனியில் திரும்பி வந்தான். யாரையும் கேட்கவில்லை. தட்டைத் துழாவி, விட்ட இடத்து அட்டையை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். எல்லோருக்கும் ஒரே பாடத்தை நடத்தும் வகுப்பில் அவன் ‘பின்தங்கியவன்’ ஆகியிருப்பான்.

எங்கள் குறையையும் சொல்லிவிடுகிறேன். போகப்போக, பிள்ளையிடம் பேசுவதைவிட “அட்டை முடிஞ்சுதா?” என்று கேட்பதுதான் அதிகமானது. பேத்தியின் டீச்சர் அப்படி இல்லை. சும்மா தள்ளி உட்கார்ந்து கவனித்தே, அவள் பசித்தால்தான் சண்டை போடுவாள் என்று கண்டுபிடித்திருக்கிறார்.

தொடக்க வகுப்புகளுக்கான ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அரசுத் திட்டம் 2022இல் வந்தது, நான் ஓய்வு பெற்ற பிறகு. பிள்ளைகளின் திறனைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறார்கள். பயிற்சி நூலைப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது. வகுப்பில் பார்க்காமல் அதற்கு மேல் பேசக் கூடாது.

சரி, மருமகளுக்கு என்ன சொன்னேன்? கட்டணம் கட்ட முடிகிறவரை மாண்டிசோரியே இருக்கட்டும். சின்னவனைச் சேர்க்கப் பார்க்கும் பள்ளியிலும் அந்தப் பெயர்ப் பலகை தொங்குகிறது. காலை பத்து மணிக்குச் சொல்லாமல் போய்ப் பார், மணிகள் தாழ்வான அலமாரியில் இருக்கின்றனவா, பீரோவில் பூட்டிக் கிடக்கின்றனவா என்று.