குடிமங்கலம் நால்ரோட்டுப் பக்கம் ஒரு கோழிக்கடை, ஆறு மாசமா வாங்கறேனுங்க

ஞாயித்துக்கிழமை ஒம்பது மணிக்கு மேல போனா கறி கெடைக்காது, மொதல்லயே சொல்லிடறேன். கடைக்காரண்ணன் சொந்தமா ரெண்டு ஷெட்டு போட்டு, குஞ்சும் தீவனமும் கைக்காசுல வாங்கி வளத்து, அந்தக் கோழியத்தான் நம்ம முன்னாடியே அறுத்து சுத்தம் பண்ணி பொறவு எடை போடறாரு. வாசல்ல ஒரு சிலேட்டு, அதுல பல்லடத்துல தெனமும் அறிவிக்கற கோழிப்பண்ணை ரேட்டு, கீழ அவரு ரேட்டு, ரெண்டும் எழுதியிருக்கும். கறி நல்லா இருக்கு, கொழம்புல போட்டா தண்ணி விடறதில்ல.

எங்க மாமாவும் கோழி வளக்கறவருதாங்க, ஆனா கம்பெனிக்கு. குஞ்சு, தீவனம், மருந்து அவங்க எறக்குவாங்க, ஷெட்டு, கரண்டு, தண்ணி, தேங்காமஞ்சி, ராத்திரி கண்ணு முழிக்கறது எல்லாம் மாமா தலையில, நாப்பது நாள்ல வண்டி வந்து புடிச்சுட்டுப் போயிரும், கிலோவுக்கு இத்தனைன்னு வளர்ப்புக் கூலி. பல்லடம் ரேட்டு ஏறுனாலும் அந்தக் கூலி ஏறாது. போன சித்திரை வெயில்ல ஒரே மத்தியானத்துல முன்னூறு கோழி செத்துச்சு, அந்த பேட்ச்சுல புடிச்சது போக வந்த காசு கரண்டு பில்லுக்கே பத்தல. வேற கம்பெனிக்கு மாறலாம்னா எங்க பக்கம் குஞ்சு எறக்கறவங்கள கைவிரல்ல எண்ணிரலாம், அக்ரிமென்ட்டும் கிட்டத்தட்ட ஒன்னுதான், ஷெட்டு மேல பேங்க் கடன் வேற நிக்குது.

தெருவுக்கு நாலு கோழிக்கடை இருக்கு, போர்டு வேற வேற, கோழி வர்றது அதே கம்பெனிகள்ட்ட இருந்துதான். அதுக்கும் மேல போனா இன்னும் சுருங்குது, உலகத்துல கறிக்கோழி இனம்னா பெரும்பாலும் காப், ராஸ் ரெண்டுதான், காப் அமெரிக்காவுல டைசன் கம்பெனியோடது, ராஸ் வெச்சிருக்கற அவியாஜென் ஜெர்மனிக்காரங்களோடது. நம்ம சட்டியில வேகற கோழியோட பாட்டன் பூட்டன் எங்க இருக்குன்னு பாருங்க.

இந்தக் கடையில கொறைன்னா ஒன்னுதான், போன மாசம் ரெண்டு வாரம் பூட்டிக் கெடந்துச்சு. கேட்டா, "குஞ்சு பொரிக்கற ஹேச்சரில குஞ்சு இல்லைன்னுட்டாங்க தம்பி, பெரிய ஆளுகளுக்குப் போக மிச்சம் இருந்தாத்தான் நமக்கு"ன்னாரு. ரெண்டு ஷெட்டு வெச்சிருக்கற மனுசன் என்ன பண்ணுவாரு, வவுறு எரிஞ்சுது எனக்கு.

இப்ப தெறந்துட்டாரு, ஜிபே இருக்கு, ஈரல் தனியாக் கேட்டாலும் குடுப்பாரு. போன ஞாயிறு ரெண்டு கிலோ வாங்கிட்டு மாமா ஊட்டுக்குப் போயி ஒட்டுக்கா உக்காந்து தின்னோம். கைய கழுவிட்டு வந்து மாமா கேட்டது ஒன்னே ஒன்னுதான், "அவரு குஞ்சு எங்க எடுக்கறாருன்னு கேட்டியா சாமி?"