தெரியாத ரக விமானம்: ‘ஓப்பன் பைலட்’ விதியா, பெயர்ச் சேர்ப்பா?

செஸ்னா 172 ஓட்டிப் பழகியவர், மலேசியாவின் சுபாங் விமான நிலையத்தில் நண்பரின் பைப்பர் ஆரோவை ஓட்டப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒற்றை எஞ்சின்தான். ஆனால் ஆரோவின் கியர் (தரையிறங்கும் சக்கரங்கள்) மடங்கும், புரொப்பெல்லர் கோணம் மாறும். உரிமம் இருப்பது ஒன்று, காப்புறுதி இருப்பது வேறொன்று. நண்பரின் விமானக் காப்புறுதிப் பாலிசியின் கீழ் அவர் ஓட்ட இரண்டு வழிகள்: பாலிசியில் உள்ள ‘ஓப்பன் பைலட்’ விதி, அல்லது பாலிசியில் அவர் பெயரைச் சேர்ப்பது.

‘ஓப்பன் பைலட்’ விதியில், பாலிசி கேட்கும் அளவு மணிக்கணக்கில் பறந்த எவரும் ஓட்டலாம். எடுத்துக்காட்டாக மொத்தம் 250 மணி, அதே ரகத்தில் 25 மணி. படிவம் இல்லை, காத்திருப்பு இல்லை. சிக்கல் எழுவது விபத்துக்குப் பிறகுதான். கியர் மடங்காத பைப்பர் வாரியர் விமானத்தில் பறந்த மணிகள் ஆரோவுக்குச் சேருமா? ‘அதே ரகம்’ என்று எழுதியிருந்தால் சேராது. ‘ஒத்த ரகம்’ என்றிருந்தால் வாதாட இடமுண்டு. ஆனால் நொறுங்கிய விமானத்தை வைத்துக்கொண்டு வாதாட வேண்டியிருக்கும்.

பெயர்ச் சேர்ப்பில் உங்கள் மொத்த மணிகள், கடந்த 12 மாத மணிகள், மடங்கும் கியரில் பறந்த மணிகள், பழைய விபத்துகள் ஆகியவை காப்புறுதி புரோக்கர் வழியாகக் காப்புறுதி நிறுவனத்துக்குப் போகும். பிரீமியம் கூடலாம். பயிற்றுநருடன் இத்தனை மணி, பிறகு பயணி இல்லாமல் இத்தனை மணி என்று நிபந்தனையும் வரலாம். இரவல் விமானத்துக்கு இதுவே சரி என்பது எங்கள் முடிவு. ஒன்றை மறக்க வேண்டாம்: பெயர் சேர்ந்ததாலேயே நீங்கள் காப்புறுதிதாரர் ஆகிவிடுவதில்லை. உரிமையாளருக்கு இழப்பீடு கொடுத்த நிறுவனம், அந்தப் பணத்தை உங்களிடம் வசூலிக்க வரலாம். அந்த உரிமையைக் கைவிடுவதாக எழுத்தில் வாங்குங்கள்.

பயிற்றுநர் விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். அமெரிக்க விதிப்படி, கற்றுத்தரும் ரகத்திலேயே 5 மணி பறந்திருக்க வேண்டும் என்பது இரட்டை எஞ்சின், ஹெலிகாப்டர் போன்றவற்றுக்குத்தான். ஒற்றை எஞ்சினுக்கு இல்லை. ஆகவே தகுதிச் சான்று உள்ள பயிற்றுநர் ஆரோவைத் தொட்டே இராதவராகவும் இருக்கலாம். பாலிசி பயிற்றுநருக்கும் மணிக்கணக்கு கேட்டு, அது அவரிடம் இல்லாவிட்டால், அந்தப் பயிற்சிப் பறத்தலுக்கே காப்புறுதி இருக்காது. உங்களை நன்கு அறிந்தவரைவிட விமானத்தை நன்கு அறிந்தவரே மேல். முதல் நாளுக்கு முன்பே அவருடைய லாக்புக் (பறந்த மணிகளின் பதிவேடு) விவரத்தையும் புரோக்கருக்கு அனுப்பிவிடுங்கள்.

அப்படிப்பட்டவர் எதைக் காட்டித் தருவார்? 172-இல் எரிபொருள் வால்வை இரண்டு தொட்டிக்கும் பொதுவாக வைக்கலாம். ஆரோவில் இடது அல்லது வலது மட்டும்தான். மாற்ற மறந்தால், ஒரு தொட்டி நிறைந்திருக்க எஞ்சின் நின்றுபோகும். 33 டிகிரி வெயிலில் சுபாங்கின் காற்று ஏறத்தாழ 2,200 அடி உயரத்து மெலிந்த காற்றைப் போல நடந்துகொள்ளும்; மேலெழ அதிகத் தூரம் வேண்டும். அங்குள்ள 3 கிலோமீட்டருக்கும் நீண்ட ஓடுபாதை அந்தக் குறையை மறைத்துவிடும், தியோமான் தீவின் சுமார் 1,000 மீட்டர் ஓடுபாதை மறைக்காது.

கியர் இறங்காமல் தரையிறங்கினால் வயிற்றுத் தகடோடு போகாது. புரொப்பெல்லர் தரையில் அடித்தால் எஞ்சினையே பிரித்துப் பார்க்க வேண்டும். ஆரோவில் பேனல் விளக்கைப் போட்டால் கியர் இறங்கிவிட்டதைக் காட்டும் மூன்று பச்சை விளக்குகளும் மங்கிவிடும். மாலை இடிமழைக்கு முன் வானம் இருட்டும்போது கை தானாக அந்தச் சுவிட்சுக்குப் போகும். பச்சை தெரியவில்லை என்றால் முதலில் அதை அணைத்துப் பாருங்கள்.