எசெட்டிமைப், ஸ்டாட்டின்: எது எங்கே வேலை செய்கிறது?

கொலஸ்ட்ரால் கூடிவிட்டதென்றால் கடலூர் முதுநகர் பக்கம் முதலில் நிறுத்துவது இறால்தான். ஆனால் சாப்பாட்டில் வருவது தினம் 300 மி.கி. அளவே, பித்தநீர் வழியாகக் குடலுக்கு இறங்குவதோ சுமார் 1,000 மி.கி. இரண்டையும் சிறுகுடல் செல்லுக்குள் இழுப்பது என்பிசி1எல்1 என்ற கடத்திப் புரதம். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரையான எசெட்டிமைப் 10 மி.கி. முடக்குவது இதைத்தான். எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் ஏறக்குறைய 18 சதவீதம் இறங்கும்.

ஸ்டாட்டின் வகை மாத்திரைகளின் இலக்கு கடத்தி அல்ல, கல்லீரலில் கொலஸ்ட்ரால் தயாரிக்கும் நொதி. தயாரிப்பு குறைந்ததும் கல்லீரல் செல் எல்டிஎல்லைப் பிடிக்கும் ஏற்பிகளைக் கூட்டி, அதை ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். அட்டோர்வாஸ்டாட்டின் 40 மி.கி.யில் எல்டிஎல் கிட்டத்தட்ட பாதியாகும். மாரடைப்பு வந்தவருக்குக் கொலஸ்ட்ராலைக் குறைக்க முதல் மருந்து ஸ்டாட்டின்தான். தசைவலி வந்தால் தானாக நிறுத்தக்கூடாது. டாக்டரிடம் சொல்லி ரத்தத்தில் சிகே என்ற தசை நொதியின் அளவு பார்க்க வேண்டும்.

ஒரு பக்கம் அடைத்தால் உடம்பு மறுபக்கம் ஈடுகட்டும்: ஸ்டாட்டின் போட்டால் குடல் அதிகம் உறிஞ்சும், எசெட்டிமைப் போட்டால் கல்லீரல் அதிகம் தயாரிக்கும். ஸ்டாட்டின் டோஸை இரட்டிப்பாக்கினாலும் கூடுதலாக 6 சதவீதம்தான் இறங்கும். அதற்கு எசெட்டிமைப் சேர்ப்பதே மேல்.

ஒரு விதிவிலக்கு, சைட்டோஸ்டீரோலீமியா. தாவர ஸ்டீராலை, அதாவது கொலஸ்ட்ராலைப் போன்ற தாவரப் பொருளை, குடலுக்கே திருப்பித் தள்ளும் ஏபிசிஜி5, ஏபிசிஜி8 என்ற புரத ஜோடியில் ஒன்று பழுதான பரம்பரை நோய் அது. அங்கே எசெட்டிமைப்தான் முன்னால். ஸ்டாட்டின் பெரிதாக உதவாது.