துருப்பிடித்த பழைய ஸ்கூட்டர்: தேய்ப்பதா, ஊறவைப்பதா, மின்சாரம் பாய்ச்சுவதா?

பழைய ஸ்கூட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதலில் ஸ்பேனரைத் தேட வேண்டாம். தட்டை முனை ஸ்க்ரூ டிரைவர் ஒன்று போதும். ஃபுட்போர்டில் ஓடும் ரப்பர் பட்டைகளைக் கழற்றிவிட்டு, அடியில் இருக்கும் தகட்டை அதன் முனையால் அழுத்திப் பாருங்கள். ‘டங்’ என்றால் நிம்மதி. ‘பொதக்’ என்று உள்ளே இறங்கினால் அங்கே துரு நீக்குவதற்கு இரும்பே மிச்சமில்லை. வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டியதுதான். நான் முதன்முதலில் கை வைத்த வண்டியில் வலது பக்கம் டங், இடது பக்கம் பொதக். மேலே பெயிண்ட் மட்டும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பளபளத்தது.

இந்தச் சோதனையில் தேறிய தகட்டுக்குத்தான் ‘எந்த முறை நல்லது’ என்ற கேள்வியே. அதற்கும் வண்டி முழுவதற்குமாக ஒரே பதில் கிடையாது. பாகத்துக்குப் பாகம் பதில் மாறும்.

வண்டியின் கட்டுமானமும் இதில் பேசும். 1946இல் பியாஜியோ வெளியிட்ட வெஸ்பாவை வடிவமைத்த கொர்ராதினோ தஸ்கானியோ ஒரு விமானப் பொறியாளர். தனியாக ஃபிரேம் வைக்காமல், அழுத்தி வளைத்த தகட்டு உடம்பையே ஃபிரேமாக்கினார். 1947இல் இன்னொசென்டி கொண்டுவந்த லாம்ப்ரெட்டாவுக்கு அடியில் குழாய் ஃபிரேம். பின்னால் வந்த மாடல்களில் அதன்மேல் பேனல்கள். லாம்ப்ரெட்டாவைப் பிரித்தால் பெரும்பாலானவை ஒரு தொட்டிக்குள் அடங்கும் துண்டுகள். வெஸ்பா உடம்போ தொட்டியில் அடங்காது; போதாததற்கு அதன் வயிற்றில் கை நுழையாத சுரங்கம் ஒன்று ஓடுகிறது. அதே வழியில் வந்த பஜாஜ் சேத்தக்குக்கும் இதே கதைதான்.

கையால் தேய்ப்பதும் மணல் அடிப்பதும்

கிரைண்டரில் வயர் பிரஷ் மாட்டித் தேய்ப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது. சட்டென்று பலன் தெரியும், அதனாலேயே ஏமாற்றும். வயர் பிரஷ் மேலாகப் படிந்த துருவைத்தான் எடுக்கும். குழிகளுக்குள் இருப்பதை மெருகேற்றிவிட்டுப் போய்விடும். தகடு பழுப்புக் கலந்த கறுப்பில் மின்னினால் துரு போகவில்லை என்று அர்த்தம். எமரித் துண்டுகளை அடுக்கிய ஃபிளாப் டிஸ்க் துருவை எடுக்கும், ஆனால் நல்ல இரும்பையும் சேர்த்துச் சாப்பிடும். மெல்லிய சைடு பேனலில் அதைப் போடவே கூடாது. நைலான் இழையில் செய்த, தேன்கூடு போன்ற ஸ்டிரிப்பிங் டிஸ்க் இரண்டுக்கும் மேல். பெயிண்டை உரிக்கும், தகட்டை அவ்வளவாகத் தொடாது. ஒரு விஷயம் மட்டும்: பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். காய்ந்த தூசியாகப் பறக்கவிடாமல் தண்ணீர் விட்டு எமரி பேப்பரில் தேய்ப்பது நுரையீரலுக்கு நல்லது.

மணல் அடிப்பது, அதாவது பிளாஸ்டிங், குழிக்குள்ளும் போய்த் துருவை எடுக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு துகளும் ஒரு குட்டிச் சுத்தியல். ஒரே பக்கம் லட்சக்கணக்கில் அடி விழும்போது அந்தப் பக்கத்துத் தகடு விரிந்து, பேனல் பப்படம் போல உப்பிக்கொள்ளும். வளைவு அதிகமுள்ள மட்கார்டு தாக்குப்பிடிக்கும். காலுக்கு முன்னால் அகலமாகத் தட்டையாக நிற்கும் லெக் ஷீல்டு தாக்குப்பிடிக்காது. அழுத்தத்தைக் குறைத்து, கார்னெட் என்ற கனிமத்தின் நுண்ணிய துகளை வைத்து, சாய்வாக அடிக்கத் தெரிந்தவர் கையில் கொடுத்தால் சரி. வீட்டு கம்ப்ரஸரில் ஆற்று மணலைப் போட்டு அடிப்பதை மட்டும் நினைக்கவே வேண்டாம். அந்தத் தூசியிலிருக்கும் சிலிக்கா நுரையீரலில் தங்கினால் திரும்ப வழியில்லை. இன்னொன்று, வெஸ்பா சுரங்கத்துக்குள் புகுந்த துகள் மாதக்கணக்கில் கொட்டிக்கொண்டே இருக்கும். பெயிண்ட் அடிக்கிற அன்றைக்குப் பார்த்துக் கொட்டும்.

என் கணக்கு இது: குழாய் ஃபிரேம், வீல் ரிம், ஸ்டாண்டு போன்ற தடித்த இரும்புக்கு பிளாஸ்டிங். பேனலுக்கும் தகட்டு உடம்புக்கும் டிஸ்க், எமரி, பொறுமை.

ஊறவைப்பதா, மின்சாரமா?

சிறு பாகங்களுக்கு உண்மையான போட்டி இங்கேதான். கிக்கர், பிரேக் பெடல், பிராக்கெட், நட்டு போல்ட் எல்லாம் இதில் வரும்.

வினிகரில் இருப்பது சுமார் 5 சதவீத அசெட்டிக் அமிலம். வேலை செய்யும், வீடெல்லாம் ஊறுகாய்க் கடை வாசம் வரும். கரும்பு மொலாசஸ் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்து ஊறவைப்பவர்களும் உண்டு. இரும்பைக் கடிக்காமல் துருவை மட்டும் மெதுவாக எடுக்கும், ஆனால் வாரக்கணக்காகும், நுரைத்து நாறும். அவசரத்துக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை எடுப்பவர்களை நான் தடுப்பதுண்டு. சில நிமிடங்களில் துரு போய்விடும், உண்மைதான். அதன் ஆவி பட்டறையில் இருக்கும் மற்ற எல்லா இரும்பிலும் புதுத் துருவை ஏற்றிவிடும்.

இவற்றில் எனக்குப் பிடித்தது சிட்ரிக் அமிலம். லிட்டருக்கு 50 முதல் 100 கிராம், வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு பிளாஸ்டிக் வாளி. முதல் முறை துருவேறிய கிக்கரை மாலையில் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் தண்ணீர் மஞ்சள் கலந்த பச்சையாக இருந்தது, கிக்கரின் மேல் கரி பூசியது போல ஒரு கறுப்புப் படலம். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்ததும் கறுப்பு வழிந்து போய், அடியிலிருந்து சாம்பல் நிற இரும்பு வந்தது. தொழிற்சாலையில் அடித்த எண்கூட வாசிக்க முடிந்தது. குழிக்குள், மரைக்குள், மடிப்புக்குள் எல்லாம் திரவம் தானே போகும் என்பதுதான் ஊறவைப்பதன் பெரிய பலம்.

பலவீனமும் அதுவே. மடிப்புக்குள் போன அமிலம் அங்கேயே தங்கும். சமையல் சோடா கரைத்த தண்ணீரில் முக்கி, நன்றாக அலசி, உடனே காய வைக்க வேண்டும். ‘உடனே’ என்றால் டீ குடித்துவிட்டு வந்து என்று அர்த்தமில்லை. அமிலத்தில் குளித்த இரும்பு கண்ணெதிரே ஆரஞ்சு நிறமாகும். ஹாட் ஏர் கன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வாளியில் கையே விட வேண்டும்.

மின்பகுப்பு வேறு ரகம். பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், நான்கு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். நெகட்டிவ் கம்பி ஸ்கூட்டர் பாகத்துக்கு, பாசிட்டிவ் கம்பி தியாகம் செய்யப்போகும் பழைய இரும்புத் துண்டுக்கு. மாற்றிக் கொடுத்தால் உங்கள் பாகம்தான் கரையும். சரியாகக் கொடுத்தால் பாகத்திலிருந்து குமிழிகள் எழும், துரு கறுத்து உதிரும், நல்ல இரும்பு துளியும் குறையாது. நாள் முழுக்க மறந்து விட்டாலும் அரித்துவிடும் பயம் இல்லை. அமிலத்தைப் பற்றி இப்படிச் சொல்ல முடியாது. மறந்துபோன போல்ட்டின் மரையை அது கடித்துவிடும்.

ஆனால் மின்சாரத்துக்குக் கண் இருப்பது போல. எதிரே நிற்கும் இரும்புத் துண்டுக்குத் தெரியும் பக்கத்தைத்தான் சுத்தம் செய்யும், குழாயின் உட்புறத்துக்கு அவ்வளவாக எட்டாது. அதனால் சுற்றிலும் நாலைந்து துண்டுகளைத் தொங்கவிட வேண்டும். இக்காலத்து ஸ்மார்ட் சார்ஜர் சில, எதிரில் பேட்டரி இல்லை என்று தெரிந்ததும் வேலையையே தொடங்காது. பழைய மாடல் சார்ஜர்தான் தோது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் பாசிட்டிவில் மாட்டக் கூடாது, அதிலிருந்து நச்சுக் குரோமியம் தண்ணீரில் இறங்கலாம். சோடாவுக்குப் பதில் சாப்பாட்டு உப்பும் ஆகாது, குளோரின் வாயு வரும். எழும் குமிழிகள் ஹைட்ரஜன், ஆகவே திறந்த வெளியில், நெருப்பில்லாத இடத்தில் வையுங்கள். அலுமினிய ஹப், எஞ்சின் உறையை இந்தத் தொட்டியில் இறக்கினால் சோடாவே அதைத் தின்னும்.

இரண்டுக்கும் பொதுவாக ஒரு தடை: ஸ்பிரிங்கும் உயர்வலு போல்ட்டும். அமிலமானாலும் மின்பகுப்பானாலும் உண்டாகும் ஹைட்ரஜன், கெட்டியான எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோய்விடும். ஓடும் வண்டியில் சஸ்பென்ஷன் ஸ்பிரிங் முறிந்தால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. அவற்றைக் கையால் தேயுங்கள், இல்லையென்றால் புதிது வாங்குங்கள். குரோம் பாகத்தில் புள்ளித் துரு என்றால் இவ்வளவு ஆர்ப்பாட்டமே வேண்டாம். அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும்.

ஆக, மரையும் மடிப்புமுள்ள சின்னச் சாமானுக்கு சிட்ரிக். தடித்த, கனமாகத் துருவேறிய, அவசரமில்லாத சாமானுக்கு மின்பகுப்பு. ஒன்றை மட்டும்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் வாளியைத்தான் எடுப்பேன்.

துருவைக் கறுப்பாக மாற்றும் ‘கன்வெர்ட்டர்’ திரவங்களையும் சொல்லிவிடுகிறேன். டானிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ மேல்துருவுடன் வினைபுரிந்து கெட்டியான படலமாகும். சுரண்டிய பிறகு மிஞ்சிய துருச் சாயத்துக்கு அது நல்லது. பொருக்குப் பொருக்காக நிற்கும் துருவின் மேல் பூசினால், மேல் பொருக்கு மட்டும் மாறும்; அடியில் பழைய வேலை தொடரும்.

பழைய பெயிண்டைக் காப்பாற்ற வேண்டுமென்றால்

வண்டிக்குத் தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட் பாதியாவது மிஞ்சியிருந்தால், முழுவதும் உரிப்பதற்கு முன்னால் ஒரு நாள் யோசியுங்கள். ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் பெயிண்டை விட்டுவிட்டுத் துருக்கறையை மட்டும் கரைக்கும். பழைய வெஸ்பாக்களை அசல் நிறத்தோடு வைத்திருக்க விரும்புகிறவர்கள் இதைத்தான் நாடுகிறார்கள். முதலில் மறைவான மூலையில் சோதித்துப் பாருங்கள். இது உடலுக்குள் போனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

முழுப் பெயிண்ட் என்று முடிவானால், வெறும் இரும்பின் மேல் முதலில் எபாக்ஸி பிரைமர், பள்ளம் நிரப்பும் பட்டி அதற்குமேல். பட்டி ஈரத்தை உறிஞ்சும்; நேராக இரும்பில் பூசினால் அதன் அடியிலேயே துரு கிளம்பும். பொடிப் பெயிண்டை அடுப்பில் உருக்கி ஒட்டவைக்கும் பவுடர் கோட்டிங் ரிம்முக்கும் ஸ்டாண்டுக்கும் அருமை. உடம்புக்கு எனக்கு மனசில்லை. அடுப்பின் சூடு 180, 200 டிகிரி செல்சியஸ் வரை போகும், சாதாரணப் பட்டி அதைத் தாங்காது. பின்னால் ஒரு கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்யவும் முடியாது. சாதாரண ஸ்ப்ரே டப்பா பெயிண்ட் மலிவு, எளிது. ஆனால் பெட்ரோல் ஊற்றும்போது சிந்தும் ஒரு சொட்டே சீட்டுக்கு அடியில் அதைச் சுருக்கிவிடும். ஹார்டனர் கலந்த டூ-கே பெயிண்ட் பெட்ரோலைத் தாங்கும். அதிலுள்ள ஐசோசயனேட் என்ற ரசாயனத்தை நம் நுரையீரல் தாங்காது. வெளிக்காற்று ஊட்டும் முகமூடியும் பெயிண்ட் அடிக்கும் தனி அறையும் இருப்பவரிடம் அதைக் கொடுத்துவிடுவதுதான் புத்தி.

டேங்க்கும் சுரங்கமும்

பெட்ரோல் டேங்குக்குள் நட்டு போல்ட்டைப் போட்டுக் குலுக்குவது கை வலிக்கும் வேலை, மூலைகளுக்கு எட்டாது. இங்கே சிட்ரிக் கரைசல் தெளிவாக ஜெயிக்கிறது. முதலில் பெட்ரோல் வாடை முழுவதும் போகும்வரை கழுவி, பெட்ரோலைத் திறந்து மூடும் டாப்பைக் கழற்றித் துளையை அடைத்து, கழுத்துவரை ஊற்றி வைக்க வேண்டும். மின்பகுப்பும் நடக்கும், ஆனால் உள்ளே தொங்கும் கம்பி சுவரில் பட்டால் ஷார்ட் ஆகி, ஹைட்ரஜன் நிறைந்த டேங்கில் பொறி பறக்கும். அலசிக் காய்ந்ததும் டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்த பெட்ரோலை ஊற்றி உருட்டிவிடுங்கள், அந்த எண்ணெய்ப் படலமே காவல். உட்பூச்சு சீலர் பொத்தலான டேங்குக்குக் கடைசி வழி. துரு சரியாகப் போகாத இடத்தில் அது உரிந்து, தோல் தோலாக வந்து டாப்பை அடைக்கும்.

சுரங்கத்துக்குள் துருவை முழுவதும் எடுக்கும் முறை எதுவும் இல்லை. காற்றடித்துத் தூசியை எடுத்துவிட்டு, பெயிண்ட் வேலை முடிந்ததும் உட்பொந்துகளில் படியும் மெழுகான கேவிட்டி வாக்ஸை நீளக் குழாய் வைத்து எல்லாத் துளைகள் வழியாகவும் அடிப்பதுதான் நடைமுறை. பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றச் சொல்பவர்கள் உண்டு. அதில் அமிலமும் கரியும் கலந்திருக்கும், கேபிள் ரப்பரையும் உப்ப வைக்கும். வாக்ஸ் அடித்த பிறகு இரண்டு நாள் அடியில் பழைய செய்தித்தாள் விரித்து வையுங்கள். சொட்டுவது நின்றதும், மெல்லிய கம்பியால் தண்ணீர் வடியும் துளைகளைக் குத்தித் திறந்துவிடுங்கள். என் வண்டியின் இடது பக்கம் பொதக்கென்று போனதற்குக் காரணம், முன்பு யாரோ அந்தத் துளையைப் பட்டி வைத்து அழகாக மூடியிருந்ததுதான்.